சவூதியில் வெள்ளிக்கிழமை: கையில் இருக்கும் ஒரே விடுமுறை நாளை எப்படிக் கழிப்பது?

சவூதியில் தொழிலாளர் கேம்ப்களை ஒட்டிய கிளினிக்குகளில் சனிக்கிழமை காலை வருகிறவர்களைக் கவனித்தால் ஒன்று புரியும். தலைவலி, நெஞ்செரிச்சல், தூக்கமில்லாத கண், பிடித்துக்கொண்ட தொடைத் தசை, கால் நரம்பு சுண்டி இழுக்கும் வலி என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். இதில் பாதி, வெள்ளிக்கிழமையைக் கழித்த விதத்தில் வந்த கோளாறு. ஆறு நாள் டூட்டிக்கு ஷிப்ட், பஸ் நேரம், சூப்பர்வைசர் எல்லாம் உண்டு. ஏழாவது நாளுக்கு எந்தத் திட்டமும் கிடையாது.

2013 ஜூனிலிருந்து இங்கே அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி, சனி இரண்டு நாளும் விடுமுறை. ஆனால் கட்டுமானம், பராமரிப்பு, கடை, ஹோட்டல் வேலைகளில் இருக்கும் நம்மவர்களில் பெரும்பாலோருக்கு வெள்ளி மட்டும்தான். தொழிலாளர் சட்டப்படி அது முழுச் சம்பளத்தோடு, தொடர்ந்து 24 மணி நேரத்துக்குக் குறையாத ஓய்வு. அதைக் காசாக மாற்றிக் கொடுத்துவிட்டு வேலை வாங்கிக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. இன்னொரு இடத்தில் போய் 'பார்ட் டைம்' பார்ப்பது இதைவிட ஆபத்து. இகாமாவில் (வசிப்பிட அனுமதி அட்டையில்) உள்ள முதலாளியைத் தவிர வேறு யாரிடமும் முறைப்படி அனுமதி இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால், ஊருக்கே திருப்பி அனுப்பும் அளவுக்குப் போகும். அன்று கிடைக்கும் கூலி அதற்கு ஈடாகாது.

வியாழன் இரவில் தொடங்கும் சிக்கல்

வழக்கமான வெள்ளி இப்படிப் போகிறது. வியாழன் இரவு மூன்று, நான்கு மணிவரை போன். மதியம் எழுந்து பிரியாணி. மறுபடி தூக்கம். இரவு பத்து மணிக்குப் படுத்தால் கண் மூடாது. சனி அதிகாலை நாலரைக்கு பஸ். தூங்கும் நேரம் ஒரே இரவில் ஐந்தாறு மணி நேரம் தள்ளிப்போய்விடுகிறது, உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தை ஒரே நாளில் திருப்பி வைக்கவும் முடியாது. சாரத்தில் ஏறுகிறவர், கிரேன் ஓட்டுகிறவர், ட்ரெய்லர் ஓட்டுகிறவர் அந்த அரைத்தூக்கத்தில்தான் வாரத்தைத் தொடங்குகிறார்.

வெள்ளியன்று வழக்கத்தைவிட ஒன்று, ஒன்றரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம், அதற்கு மேல் வேண்டாம். மதியத் தூக்கம் மூன்று மணிக்கு முன்பாக அரை மணி நேரம் போதும். எழுந்ததும் அறையை விட்டு வெளிச்சத்துக்கு வந்துவிட வேண்டும். ஆறு பேர் படுக்கும் அறையில் ஜன்னலில் அட்டை ஒட்டியிருந்தால் பகல் எது இரவு எது என்று மூளைக்கே தெரியாது.

வீட்டுக்குப் பேசுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நமக்கு லீவான வெள்ளி, ஊரில் பள்ளிக்கூட நாள். இங்கே காலை பத்துக்குக் கூப்பிட்டால் அங்கே பன்னிரண்டரை. பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள், வீட்டில் இருப்பவர்கள் வேலையில் இருப்பார்கள். நாள் முழுக்கப் போனைக் கையில் வைத்துக் காத்திருந்து, இரண்டு நிமிடம் பேசிவிட்டு மனம் உடைந்து போகிறவர்கள் நிறைய. இங்கே மதியம் மூன்று மணிக்கு, ஊரில் மாலை ஐந்தரைக்கு, ஒரு நேரம் குறித்து வைத்துக்கொண்டால் இருபக்கமும் நிம்மதியாகப் பேசலாம். அதற்கு முன்னும் பின்னும் உள்ள நேரம் உங்களுடையது.

பழைய பயமும் புது அசட்டையும்

பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் வந்தவர்கள் "இங்கே எதுவுமே கூடாது" என்று சொல்லி அறையிலேயே இருந்துவிடுகிறார்கள். இப்போது வருகிற இளைஞர்கள் "இப்பதான் எல்லாம் ஓப்பன் ஆயிடுச்சே" என்கிறார்கள். இரண்டும் தவறு. 2016-இல் மதக் காவலர்களின் கைது அதிகாரம் எடுக்கப்பட்டது. அதே ஆண்டு பொழுதுபோக்குக்கென ஓர் அரசு ஆணையம் வந்தது. 2018-இல் சினிமா தியேட்டர்கள் திரும்பத் திறந்தன. அந்த ஜூனில் பெண்கள் கார் ஓட்டத் தொடங்கினார்கள். 2019-இலிருந்து ரியாத் சீசன் என்ற பொழுதுபோக்குத் திருவிழா நடக்கிறது. 2024 அக்டோபரில் ரியாத் சுவைதி பூங்காவில் இந்தியர்களுக்கென்றே நிகழ்ச்சிகள் நடத்தினார்கள்.

அதே 2019-இல் பொது ஒழுக்க விதிகளும் வந்தன. 19 வகை மீறல்கள், 50 ரியாலிலிருந்து 6,000 ரியால்வரை அபராதம். குப்பை போடுவது, தொழுகை நேரத்தில் சத்தமாகப் பாட்டு வைப்பது, அனுமதியில்லாத இடத்தில் நெருப்பு மூட்டுவது, உள்ளாடை போன்ற உடையில் பொது இடத்துக்கு வருவது, கேட்காமல் ஒருவரைப் படமெடுப்பது எல்லாம் அதில் அடங்கும். கைலியையும் பனியனையும் கேம்ப் வாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெள்ளியன்று வெளியே கிளம்ப இரண்டு நேரங்கள் பொருந்தும். விடியற்காலை போய்ப் பத்தரைக்குள் திரும்புவது ஒன்று, அஸர் எனும் பிற்பகல் தொழுகைக்குப் பிறகு கிளம்புவது இன்னொன்று. இடையில் ஜும்ஆ (வெள்ளி மதியத் தொழுகை) நேரத்தில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், நடுரோட்டில் வெயிலில் நிற்க வேண்டிவரும். ரமலான் பகலில் எந்த மதத்தவராக இருந்தாலும் பொது இடத்தில் சாப்பிடவோ தண்ணீர் குடிக்கவோ புகைக்கவோ கூடாது. காருக்குள் உட்கார்ந்து குடிப்பதும் பொது இடத்தில் குடிப்பதுதான்.

கிரிக்கெட்

டென்னிஸ் பந்தில் எலெக்ட்ரிகல் டேப் சுற்றி, காலி மனையில் சிலிண்டரையோ பெயின்ட் டப்பாவையோ ஸ்டம்பாக வைத்து ஆடும் ஆட்டம்தான் நம் ஆட்களின் பெரிய பொழுதுபோக்கு. நல்ல விஷயம், விட வேண்டாம். நடக்கும் தவறுகள் மூன்று.

முதலாவது நேரம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அரசே தடை வைத்திருக்கிறது. விளையாட்டுக்கு அதைவிடக் கடுமையான வரம்பை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். கோடையில் காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். தம்மாம், ஜுபைல், ஜித்தா போன்ற கடலோர ஊர்களில் ஆகஸ்டில் வெயிலைவிடப் புழுக்கம் மோசம். காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. சட்டை நனைந்து வழிவதைப் பார்த்து "நல்லா வேர்க்குது" என்று திருப்திப்படக் கூடாது.

இரண்டாவது தண்ணீர். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர். வெறும் தண்ணீரை மூன்று நான்கு லிட்டர் மடமடவென்று குடித்தாலும் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். ஒரு லிட்டருக்குச் சர்க்கரை தலைதட்டிய ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன் கலந்து வைத்துக்கொள்ளலாம். எனர்ஜி டிரிங்க் வேண்டாம். ஊர் லீவு முடிந்து கோடையில் திரும்பியவருக்கு உடம்பு இந்தச் சூட்டுக்குப் பழக ஒன்று இரண்டு வாரம் ஆகும். வந்த முதல் வெள்ளியே இருபது ஓவர் மேட்ச் ஆடக் கூடாது. ஆடும் ஒருவர் உளற ஆரம்பித்தாலோ தள்ளாடினாலோ அது வெறும் களைப்பாக இருக்காது. நிழலில் படுக்கவைத்து, சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடுவது.

மூன்றாவது, நாற்பது தாண்டியவர்கள். வாரம் முழுக்க டிரைவர் சீட்டிலோ ஸ்டோரிலோ உட்கார்ந்திருந்துவிட்டு நேராக வேகப்பந்து போட ஓடுவதில்தான் தொடைத் தசை கிழிகிறது. பத்து நிமிடம் நடந்து, மெதுவாக ஓடிவிட்டு ஆடுங்கள். ஆட்டத்தில் நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் மாரடைப்பாக இருக்கலாம், "கேஸ்" என்று சோடா வாங்கிக் கொடுத்து நேரத்தைத் தொலைக்காதீர்கள். சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறதா என்றே பார்க்காமல் வருடக்கணக்கில் இருக்கும் ஆட்கள்தான் இதில் சிக்குகிறார்கள்.

இஸ்திராஹா

பொங்கல், தீபாவளி, பிறந்தநாள், யாராவது ஊருக்குக் கிளம்பினால் வழியனுப்பு என எல்லாவற்றுக்கும் பத்திருபது பேர் சேர்ந்து நகருக்கு வெளியே இஸ்திராஹா என்னும் ஓய்வு விடுதி ஒன்றை வாடகைக்கு எடுப்பது வழக்கம். சுற்றுச்சுவர், புல்தரை, மஜ்லிஸ் அறை, சமையல்கட்டு, ஒரு நீச்சல் குளம். உயிர் போவது பெரும்பாலும் அந்தக் குளத்தில்தான். ஒரு பக்கம் இடுப்பளவு, வழுக்கும் சரிவில் இறங்கி மறுபக்கம் ஆள் உயரத்துக்கு மேல். ஆழம் எழுதியிருக்காது, காவலாளிக்கு நீச்சல் தெரியாது. மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோலக் கத்தமாட்டார். வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்க, சத்தமே இல்லாமல் ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பக்கத்தில் ஸ்பீக்கர் ஓடும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். போனதும் ஒரு கம்பை விட்டு ஆழம் பார்த்து, ஆழம் மாறும் இடத்தில் குறுக்கே கயிறு கட்டுங்கள். நீச்சல் தெரிந்த ஒருவர் கரையில் போன் இல்லாமல் உட்கார வேண்டும், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறலாம். பிரியாணி சாப்பிட்ட பிறகு, இருட்டிய பிறகு குளம் மூடியாயிற்று என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் இன்னொரு எமன் கரி அடுப்பு. ரியாத்தில் இரவுக் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும்போது, கறி சுட்ட கரியை அப்படியே அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ எடுத்துவந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். தீ அணைந்து செந்தணலாக இருப்பதால் ஆபத்தில்லை என்று நினைப்பு. அந்தத் தணல்தான் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். புகை இல்லை, வாசனை இல்லை. தலைவலி, வாந்தி, தூக்கம் வரும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுத்தவர்கள் எழுவதில்லை. ஒரே அறையில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும்.

விருந்துக்கு ஊரிலிருந்து மசாலா வரவழைக்கும்போது கசகசாவை அனுப்ப வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். சவூதியில் அது தடை செய்யப்பட்ட பொருள், பெட்டியில் இருந்தால் விமான நிலையத்திலேயே சிக்கல். பூஜையைச் சுவருக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், வெளியே தெரிய நடத்தவோ போஸ்டர் போடவோ வேண்டாம். காசு வைத்துச் சீட்டாடுவதும் குற்றம், அனுமதியில்லாமல் நன்கொடை வசூலிப்பதும் குற்றம்.

சாராயத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே கள்ளத்தனமாகக் காய்ச்சி விற்பதில் மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் கலந்திருந்தால் குடித்தவுடன் தெரியாது. பன்னிரண்டு மணி நேரம், ஒரு நாள் கழித்துக் கண் மங்கும், மூச்சு வாங்கும், வாந்தி வரும். போலீசுக்குப் பயந்து அறையிலேயே படுக்கவைத்திருப்பதால்தான் கண்ணும் உயிரும் போகின்றன. இதற்கு மருந்தும் டயாலிசிஸும் உண்டு, ஆனால் சீக்கிரம் போனால்தான் பயன். தண்டனை பெரிதுதான், சிறையும் நாடு கடத்தலும் வரும். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கடல், பாலைவனம், மலை

ஜித்தா, தம்மாம் கார்னிஷ்களில் (கடலோர நடைபாதைகளில்) மாலை நடப்பதற்குச் செலவே இல்லை. கோபாருக்குத் தெற்கே ஹால்ஃப் மூன் பே குளிக்க ஏற்ற இடம், பகலில் மட்டும். செங்கடல் பக்கம் பவளப்பாறையில் வெறுங்காலோடு இறங்கக் கூடாது. கல்லைப் போலவே கிடக்கும் கல்மீனின் முள் குத்தினால் தாங்க முடியாத வலி. பொறுக்கும் அளவு சூடான நீரில், சுமார் 45 டிகிரி, அரை மணியிலிருந்து ஒன்றரை மணிவரை காலை வைத்தால் வலி தணியும். வலியில் சூடு தெரியாது என்பதால் வேறொருவர் கைவிட்டுப் பார்க்க வேண்டும். அதோடு ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும்.

பாலைவனத்துக்கு ஒற்றை வண்டியில் போகாதீர்கள். மணலில் டயர் காற்றை 15-18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் டயர் அகன்று புதையாமல் ஓடும். தார்ச்சாலை ஏறும் முன் திரும்ப அடித்துவிட வேண்டும், இல்லையென்றால் வேகத்தில் டயர் சூடாகி வெடிக்கும். ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடக்கக் கூடாது. தேடுகிறவர் கண்ணுக்கு வண்டிதான் முதலில் படும். மழை அறிவிப்பு வந்தால் 'வாடி' எனப்படும் வறண்ட ஆற்றுப்படுகை பக்கமே வேண்டாம். வெள்ளம் ஓடும் வாடியைக் கடந்தால் 5,000 முதல் 10,000 ரியால் அபராதம். 2009 நவம்பரில் ஜித்தா வெள்ளம் நூறு பேருக்கு மேல் கொண்டுபோனது.

ஜித்தாவிலிருந்து குளுகுளுவென்று இருக்கும் மலை ஊரான தாயிஃபுக்குப் போகும் முஸ்லிம் அல்லாத நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேப் காட்டும் நேர்வழி, அவர்களுக்கு அனுமதியில்லாத மக்காவுக்குள் போகும். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான மாற்றுச்சாலைப் பலகை வரும் இடத்தில் திரும்பிவிட வேண்டும். தம்மாம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அல்-அஹ்ஸா நல்ல ஒருநாள் பயணம். 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பேரீச்சந்தோப்பு, அங்குள்ள ஹுஃபூஃப் நகரின் கைசரிய்யா கடைத்தெரு, கோடையிலும் ஜில்லென்று இருக்கும் காரா மலைக்குகை. ரியாத்தில் 2024 டிசம்பரில் மெட்ரோ வந்த பிறகு கையில் வண்டி இல்லாதவர்களுக்கும் ஊர் திறந்துவிட்டது. நான்கு ரியால் டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும். பத்தா கடைவீதியில் சாமான் வாங்கிவிட்டு அப்படியே மஸ்மக் கோட்டையும் தேசிய அருங்காட்சியகமும் பார்த்துவரலாம்.

எங்கே போனாலும் போனைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கும் முன் யோசியுங்கள். ரீல்ஸில் பின்னால் ஒரு குடும்பமோ பெண்ணோ தெரிந்தாலே புகார் வரலாம். போலீஸ் சோதனைச் சாவடி, ராணுவ இடம், எண்ணெய் ஆலை, விபத்து எதையும் எடுக்காதீர்கள். 2007 இணையக் குற்றச் சட்டத்தில் கேமரா போனால் அடுத்தவர் அந்தரங்கத்தில் தலையிட்டால் ஒரு வருடம்வரை சிறை, 5 லட்சம் ரியால்வரை அபராதம். மதத்தையோ பொது ஒழுங்கையோ பாதிக்கும் பதிவுக்கு ஐந்து வருடம், 30 லட்சம் ரியால்வரை. வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வர்ட் செய்ததும் கணக்கில் வரும்.

பெண்கள்

குடும்பத்தோடு வந்திருக்கும் பெண்கள்தான் இந்த நாட்டில் அதிகமாக நான்கு சுவருக்குள் இருக்கிறார்கள். கணவர் வெள்ளியன்று தூங்கிவிட்டால் அவர்களுக்கு அந்த வாரமே போயிற்று. இன்று அபாயா சட்டக் கட்டாயமில்லை, கைகால் மூடிய தளர்வான உடை போதும். பெண்களுக்கென்று ஜிம்கள் உண்டு, நடைபாதைப் பூங்காக்கள் உண்டு, லைசென்ஸும் எடுக்கலாம். தம்மாம் அருகே தஹ்ரானில் உள்ள இத்ரா கலாசார மையத்தின் நூலகம் பிள்ளைகளோடு ஒரு மாலை முழுக்க உட்காரத் தகுந்த இடம். வீட்டு வேலைக்கு வந்திருக்கும் தமிழ்நாட்டு, இலங்கைப் பெண்களுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு சட்டப்படி உண்டு. அது பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் இகாமாவோ, அப்ஷர் என்ற அரசு ஆப்பில் உள்ள டிஜிட்டல் இகாமாவோ கையில் இருக்கட்டும். ஆம்புலன்ஸ் 997, தீயணைப்பு 998, போலீஸ் 999, கடலோரக் காவல் 994. ரியாத், மக்கா (ஜித்தா சேர்த்து), கிழக்கு மாகாணங்களில் எல்லாவற்றுக்கும் 911 போதும். இடம் சொல்லத் தெரியாமல்தான் பெரும்பாலும் தாமதம் ஆகிறது. போய்ச் சேர்ந்ததுமே லொகேஷனை ரூமில் இருக்கும் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள்.