சப்வூஃபரை மாற்றும் முன் சோபாவை நகர்த்துங்கள்

ஹோம் தியேட்டர் ஒலியைச் சரிபார்க்க இந்த மாதத்தில் நான் போன நான்காவது வீடு இது. பேஸுக்கென்று, அதாவது இடி போன்ற தாழ்ந்த ஒலிக்கென்று, இருக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கரைப் பற்றித்தான் இங்கேயும் புகார். "சார், பேஸே வரமாட்டேங்குது. 10 அங்குலம் போட்டேன், பத்தல. 12 மாத்தினேன், பத்தல. இப்ப 15. அதுவும் ஃபால்ட் பீஸ்னு நினைக்கிறேன்."

போய்ப் பார்த்தேன். ஏறத்தாழ 5 மீட்டர் நீளமுள்ள அறை, சரியாக நடுவில் சோபா. அதில் உட்கார்ந்து அவர் உதட்டைப் பிதுக்குகிறார். பின்சுவரை ஒட்டி நின்ற அவர் மனைவியோ காதைப் பொத்திக்கொண்டு, "இதுக்கு மேல இன்னுமா?" என்கிறார். ஒலி அளக்கும் கருவியை வெளியே எடுக்காமலே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மூன்று சப்வூஃபர்களிலும் ஒரு பழுதும் இல்லை.

பேஸ் குறைந்தால் பெரிய சப்வூஃபர் வாங்கு என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. ஒருமுறையாவது பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். இரண்டு ஓரங்களிலும் தண்ணீர் ஏறி இறங்கும். நடுவில் நீர்மட்டம் அப்படியே இருக்கும். பேஸும் அறைக்குள் இப்படித்தான் தளும்புகிறது. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. அந்தக் கணக்கில் 34 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 10 மீட்டர். அதில் பாதி அந்த 5 மீட்டர் அறையில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். சுவரோரம் இடி இடிக்கும், நடுவில் ஒன்றும் கேட்காது. இவர் சோபா போட்டிருந்தது அந்த ஒன்றும் கேட்காத இடத்தில்.

சரி, பெரிய சப்வூஃபர் வைத்தால்? பாத்திரத்தை வேகமாக ஆட்டினால் என்ன ஆகும்? ஓரத்தில் கொட்டும், நடு அசையாது. வால்யூமைக் கூட்டினாலும் அதேதான். ஈக்வலைசரில் அந்த அதிர்வெண்ணை மட்டும் தூக்கினாலும் அதேதான். ஒலியைப் பெருக்கும் ஆம்ப் சூடாவதுதான் மிச்சம். ஓர் அதிர்வெண் மட்டும் அதிகமாகக் கேட்கும் மேட்டை ஈக்வலைசரால் குறைக்கலாம், இப்படிப்பட்ட பள்ளத்தை அதால் நிரப்ப முடியாது. இதை எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன்! தலையாட்டிவிட்டு, "அப்ப 18 அங்குலம் போட்டா?" என்பார்கள்.

செய்ய வேண்டியது காசே செலவில்லாதது. சோபாவை நடுவிலிருந்து நகர்த்துங்கள், பின்சுவரோடும் ஒட்டாதீர்கள். அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு பின்சுவரிலிருந்து தள்ளிப்போட்டு, அங்கிருந்து முன்பின் நகர்த்திக் கேட்டுப் பாருங்கள். பிறகு சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். ஏற்ற இறக்கமுள்ள ஒரு பேஸ் கிட்டார் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே கேளுங்கள். ஆமாம், தவழ்ந்துதான். ஒரு சுரம் குதிக்காமல், இன்னொன்று காணாமல் போகாமல், எல்லாம் ஒரே அளவில் கேட்கும் இடத்தில் சப்வூஃபரை வையுங்கள். தவழச் சொன்னதும் சிரிக்காத வீட்டுக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. கூடுதலாகச் செலவழித்தே தீருவேன் என்றால், ஒரு பெரியதற்குப் பதில் நடுத்தரமாக ஒரே மாதிரி இரண்டு வாங்கி முன்சுவர் நடுவிலும் பின்சுவர் நடுவிலும் வையுங்கள். இருக்கைக்கு இருக்கை பேஸ் மாறுவது பெருமளவு அடங்கும்.

வாட்ஸ் கதையையும் இத்துடன் முடித்துவிடலாம். 100 வாட்ஸ் ஆம்பை 200 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற சுமார் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு பவர். அதனால் பெட்டியில் வாட்ஸைப் பார்க்கும் முன் சென்சிட்டிவிட்டியை, அதாவது ஒரே பவருக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்ற டெசிபல் எண்ணைப் பாருங்கள். 87 டெசிபல் ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் பவரில் பாதி போதும், 90 டெசிபல் ஸ்பீக்கர் அதே சத்தம் தரும். பி.எம்.பி.ஓ. என்ற விளம்பர உச்ச பவர் கணக்கை ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அந்த எண்ணைப் படிக்கவே வேண்டாம்.

எல்லா ஸ்பீக்கர்களையும் இயக்கும் ரிசீவரில் நான் போகிற வீடெல்லாம் பார்க்கும் தவறுகள் சில. முன் ஸ்பீக்கர் உயரமாக இருக்கிறது என்பதற்காக 'லார்ஜ்' என்று வைக்கிறார்கள். 'ஸ்மால்' வையுங்கள், அப்போதுதான் அதன் பேஸ் சப்வூஃபருக்குப் போகும். அப்படிப் பிரிக்கும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். இது கௌரவப் பிரச்சினை இல்லை. சப்வூஃபரின் முதுகில் உள்ள கிராஸ்ஓவர் திருகை முழுசாக மேல் எல்லைக்குத் திருப்பிவிடுங்கள். பிரிக்கும் வேலையை ரிசீவர் பார்த்துக்கொள்ளும், ஒரே வேலையை இரண்டு பேர் செய்யக் கூடாது. ரிசீவர் அறையைத் தானாக அளக்கப் பயன்படுத்தும் மைக்கை சோபா மெத்தையில் போடாதீர்கள், காது உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அளந்த பிறகு சப்வூஃபர் தூரம் டேப் அளவைவிட அதிகமாகக் காட்டினால், தயவுசெய்து திருத்தாதீர்கள். சப்வூஃபருக்குள் சிக்னல் தாமதமாவதையும் சேர்த்துத்தான் அது சொல்கிறது. நான் அளந்துவிட்டு வந்த மறுநாளே டேப்பை எடுத்து அதைத் 'திருத்தியவர்கள்' இருக்கிறார்கள்.

"வசனம் புரியல" என்பவர்கள் வசனம் வரும் சென்டர் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டிவி அலமாரியின் அடித்தட்டில், உள்ளே தள்ளி, முழங்காலைப் பார்த்துக்கொண்டிருக்கும். தட்டின் விளிம்புக்கு இழுத்து, முகத்தை நிமிர்த்திக் காதைப் பார்க்க வையுங்கள்.

கடைசியாக ஒன்று. இதில் எனக்குப் பொறுமை கிடையாது. அந்த வீட்டில் சப்வூஃபரின் பின்னால் எட்டிப் பார்த்தால், ப்ளக்கில் எர்த் பின் இல்லை, வெட்டியிருந்தார்கள். "உம்முனு சத்தம் வந்துச்சு சார், யாரோ வெட்டச் சொன்னாங்க, நின்னுடுச்சு." சத்தம் நின்றது, உயிருக்கு இருந்த காவலும் போனது. உள்ளே ஏதாவது வயர் விட்டு சப்வூஃபரின் முதுகில் உள்ள உலோகத் தகட்டில் பட்டால், கரண்ட் போக எர்த் இல்லை. தொடுகிறவர் உடம்பு வழியாகத்தான் போகும். அந்த வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. உறுமல் வந்தால் ரிசீவரையும் சப்வூஃபரையும் ஒரே சாக்கெட்டிலிருந்து எடுங்கள். போகவில்லையா, கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள்; பெரும்பாலும் கள்ளன் அங்கேதான். அப்படியும் போகாவிட்டால் சிக்னல் ஒயரில் உறுமலைத் தடுக்கும் ஐசொலேட்டர் போடலாம். எர்த்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அன்றைக்கு முதலில் மின்சார வேலை தெரிந்தவரை வரவழைத்து அந்த ஒயரை மாற்றச் சொன்னேன். அதன் பிறகுதான் சோபாவில் கை வைத்தேன்.