கேள்வி முதலில், கருவி பிறகு

கணினி, கைபேசி போன்ற சாதனங்களில் சான்று தேடும் டிஜிட்டல் தடயவியலைப் படித்துவிட்டு வரும் இளைஞர்கள் பலரிடம் ஒரே குறையைப் பார்க்கிறேன். மென்பொருளை இயக்கத் தெரிகிறது. அது திரையில் காட்டுவதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று சொல்லத் தெரிவதில்லை. பயிற்சித் தாளில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது வரை எழுதிக் கொடுத்துவிட்டால் வேறெப்படி இருக்கும்?

என் வகுப்புகளைச் சிக்கல்வழிக் கற்றலுக்கு மாற்றியது இதனால்தான். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1969இல் நடைமுறைக்கு வந்த முறை இது. நோயாளியின் பிரச்சினையை முதலில் முன்வைத்து, அதற்கு வேண்டிய பாடத்தை மாணவர்களே தேடிப் படிக்கச் செய்வார்கள். எங்கள் தொழிலுக்கும் இது பொருந்துகிறது. இங்கும் முதலில் வந்து சேர்வது கேள்விதான்.

நான் கொடுக்கும் சிக்கல் ஒன்று: வேலையை விட்டுச் சென்ற ஊழியர் வடிவமைப்புக் கோப்புகளை எடுத்துச் சென்றாரா? கையில் ஒரு மடிக்கணினியின் இமேஜ் (சேமிப்பகத்தின் முழு நகல்), ஒரு பென் டிரைவின் இமேஜ், இரண்டின் ஹேஷ் மதிப்புகள் (தரவிலிருந்து கணக்கிடப்படும், அது மாறினால் தானும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்). தெரிந்தது என்ன, தெரிய வேண்டியது என்ன, அதை எங்கே தேடுவது என்று எழுதி முடிக்கும் வரை கணினியைத் தொட விடுவதில்லை.

பென் டிரைவில் கோப்பு கிடைத்துவிடும். ஆனால் அது உருவான நேரம், கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்துக்குப் பிந்தியதாக இருக்கும். உருவாகும் முன்பே திருத்தப்பட்டதா? “யாரோ நேரத்தை மாற்றியிருக்கிறார்கள்” என்று ஒரு குரல் எழும். நான் வாய் திறப்பதில்லை. சிறிது நேரத்தில் யாராவது ஒரு வெற்று பென் டிரைவைச் செருகி, பழைய கோப்பு ஒன்றை நகலெடுத்துப் பார்ப்பார். நகலெடுத்த கணத்தை விண்டோஸ் உருவான நேரமாகப் பதிப்பதும், திருத்திய நேரத்தை அப்படியே விட்டுவைப்பதும் கண்ணெதிரே தெரியும். மோசடி என்று நினைத்தது, நகலெடுத்ததற்கான தடயமாகிவிடும். அதைத் தாமே கண்டுபிடித்த மாணவர்கள் பிறகு மறந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த முடிச்சும் நேரத்தில்தான். மடிக்கணினி கோப்புகளை அடுக்கிவைக்கும் என்டிஎஃப்எஸ் முறை, நேரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் சேமிக்கிறது. பென் டிரைவின் ஃபேட்32 முறை உள்ளூர்க் கடிகார நேரத்தை, நேர மண்டலக் குறிப்பு இல்லாமல் சேமிக்கிறது. இதைக் கவனிக்காத குழு, அலுவலகம் பூட்டியிருந்த நள்ளிரவில் கோப்பு திறக்கப்பட்டதாக எழுதிவிடும்.

நான் அதிக நேரம் செலவிடுவது அறிக்கையில். “அவர் நகலெடுத்தார்” என்று முதல் வரைவில் எழுதுவார்கள். குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞராக இன்னொரு குழு உட்காரும். விசைப்பலகையின் முன் இருந்தது அவர்தான் என்று இந்த இமேஜில் எங்கே இருக்கிறது? வரி மாறும்: “அவருடைய பயனர் கணக்கு திறந்திருந்த நேரத்தில், மடிக்கணினியில் உள்ள கோப்பின் அதே எஸ்எச்ஏ-256 ஹேஷ் மதிப்புள்ள கோப்பு இந்த பென் டிரைவில் எழுதப்பட்டிருக்கிறது.” கருவியையும் இதே கண்டிப்போடு பார்க்கச் சொல்கிறேன். 2011இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், மகளைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட கேசி ஆன்டனியின் வழக்கில், குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்து பற்றிய இணையப் பக்கம் 84 முறை பார்க்கப்பட்டதாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. உண்மையில் ஒரே முறைதான். பதிவுகளை மென்பொருள் தவறாகப் படித்திருந்தது. ஒரு கருவியின் முடிவை இன்னொன்றால் சரிபார்க்காமல் என் வகுப்பில் எந்த அறிக்கையும் ஏற்கப்படாது.

எல்லாவற்றையும் மாணவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விடவும் கூடாது. மூலச் சாதனத்தில் கை வைக்கக் கூடாது, சாதனத்தில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் இல்லாமல் இணைக்கக் கூடாது, சான்று யாரிடமிருந்து யாரிடம் போனது என்று ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும். இவற்றை முதலிலேயே நேரடியாகச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். தவறு செய்து கற்கும் விஷயங்கள் அல்ல இவை. குழுவில் கெட்டிக்காரர் ஒருவரே வேலை முழுவதையும் இழுத்துக்கொள்வதும் நடக்கும். அறிக்கையின் எந்தப் பகுதியைப் பற்றியும் எந்த மாணவரையும் கேட்பேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறேன்.

சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பயிற்சிக்காகப் பழைய ஹார்டு டிஸ்க்குகளை வாங்கி மாணவர்களிடம் கொடுக்காதீர்கள். அவற்றில் முன்பின் தெரியாத ஒருவரின் புகைப்படங்களும் வங்கி விவரங்களும் இருக்கக்கூடும். பயிற்சிக்கான இமேஜ்களைத் தரும் டிஜிட்டல் கார்ப்போரா தொகுப்பிலுள்ள எம்57 என்ற கற்பனை வழக்கும், அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் வெளியிட்டுள்ள சிஎஃப்ரெட்ஸ் என்ற மாதிரித் தரவுத் தொகுப்பும் இலவசமாகவே கிடைக்கின்றன. நண்பரின் கைபேசியில் சோதித்துப் பார்க்கலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். கூடாது என்று முதல் வகுப்பிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.