சுழன்றால் தப்பலாம்: அமல் குமார் ராய்சௌதுரியின் சமன்பாடு

"பிரபஞ்சத்தைப் பின்னோக்கி ஓட்டினால் எல்லாம் ஒரே இடத்தில் வந்து குவியும் என்கிறீர்கள். ஒன்றையொன்று உரசாமல் விலகிப் போயிருக்கக் கூடாதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தச் சந்தேகம் ஐன்ஸ்டைனுக்கே இருந்தது. ரஷ்யக் கணிதவியலாளர் ஃப்ரீட்மன் 1922-ல் போட்ட கணக்கு எல்லாத் திசைகளிலும் ஒரே மாதிரியான பிரபஞ்சத்துக்கானது. அந்தச் சமச்சீரால்தான் எல்லாம் ஒரு புள்ளியில் குவிகிறதோ?

சமச்சீரை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டவர் கொல்கத்தாவின் அமல் குமார் ராய்சௌதுரி. 1923-ல், இன்றைய வங்கதேசத்தில் உள்ள பாரிசாலில் பிறந்தவர். அவர் வேலை பார்த்த ஆய்வகத்தில் உலோகங்களின் பண்புகளை ஆராயச் சொன்னார்கள். பொதுச் சார்பியல், அதாவது ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடு, அவராக எடுத்துக்கொண்டது. அந்தக் கணக்கு அடங்கிய கட்டுரை 1955-ல் பிசிகல் ரிவ்யூ என்ற இயற்பியல் ஆய்விதழில் வந்தது.

ஈர்ப்பில் மட்டுமே விழும் ஒரு சின்னத் தூசிப் பந்தைப் பின்தொடருங்கள். அது விரியலாம் அல்லது சுருங்கலாம், உருவம் கோணலாம், சுழலலாம். அவ்வளவுதான். விரியும் வீதம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதற்கான சமன்பாட்டில் இந்த மூன்றும் இருமடியாக, அதாவது வர்க்கமாக வருகின்றன. எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். பந்து நீண்டு கோணினாலும், தட்டையாகக் கோணினாலும், வர்க்கம் எடுத்தால் நேர் எண்தான். அது எப்போதும் குவிக்கும் பக்கமே சேரும். வாசகர் நம்பிய ஒழுங்கின்மை குவிவைத் தடுக்காது, விரைவுபடுத்தும்! பொருளின் ஈர்ப்பும் அதே பக்கம். எதிர்த்து நிற்பது சுழற்சி மட்டும். சுழலாத கூட்டம் ஒருமுறை சுருங்கத் தொடங்கினால், குறிப்பிட்ட காலத்துக்குள் அதன் துகள்களின் பாதைகள் சந்தித்தே தீரும்.

இந்தக் குவிதலை ஆயுதமாக்கித்தான் பிரிட்டிஷ் கணித இயற்பியலாளர் பென்ரோஸ் 1965-ல் நொறுங்கும் விண்மீனுக்குள் ஒருமைப்புள்ளி, அதாவது நம் கோட்பாடே செயலிழக்கும் இடம், தவிர்க்க முடியாதது என்று காட்டினார். ஹாக்கிங் அதைப் பிரபஞ்சத்துக்கு நீட்டினார். 2020-ல் பென்ரோஸுக்கு நோபல் கிடைத்தபோது ராய்சௌதுரி உயிரோடு இல்லை, 2005-லேயே மறைந்துவிட்டார். அவர் பாடம் நடத்திய கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியின் பல தலைமுறை மாணவர்களுக்கு அவர் வெறும் 'ஏகேஆர்' சார். உலோகத்தை ஆராயச் சொன்னவர்கள் மீது எனக்கு இன்னும் கோபம்தான். உடனே பயன் தராத கேள்விக்கு நம் ஊரில் பணம் இன்றும் சுலபமாகக் கிடைப்பதில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. சமன்பாட்டில் பொருளின் ஈர்ப்பைக் குறிக்கும் உறுப்பில் அடர்த்தியோடு அழுத்தத்தின் மும்மடங்கும் சேரும். அழுத்தம் போதிய அளவு எதிர்மறையானால் அந்த உறுப்பு குறி மாறித் தள்ளத் தொடங்கிவிடும். பிரபஞ்ச விரிவு வேகமெடுப்பதாக 1998-ல் கண்டபோது, அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்ட 'இருண்ட ஆற்றல்' அந்த ரகம்தான்.