அடி வாங்கி வளர்ந்த குழந்தைக்குப் புது வீடு ஏன் சீக்கிரம் பழகுவதில்லை?

வாசல் பூட்டில் சாவி திரும்புகிறது. கூடத்தில் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கும் எட்டு வயதுப் பையனின் பென்சில் நிற்கிறது. தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை, காதை மட்டும் கொடுக்கிறான். செருப்பைக் கழற்றும் சத்தம், பையைக் கீழே வைக்கும் சத்தம், அதை மெதுவாக வைத்தார்களா பொத்தென்று போட்டார்களா, அடுத்த காலடி எந்தப் பக்கம் போகிறது. மூன்று நான்கு வினாடிதான். அப்புறம் பென்சில் மறுபடி ஓடுகிறது. இந்த வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது, இங்கே யாரும் அவன்மேல் கை வைத்ததில்லை, குரலைக்கூட உயர்த்தியதில்லை. ஆனாலும் தினமும் சாயங்காலம் இது நடக்கிறது.

(இவன் நிஜத்தில் ஒரு தனிப் பையன் அல்ல, விளக்குவதற்காக நான் வரைந்துகொண்டவன்.)

ஃபாஸ்டர் கேர் என்னும் வளர்ப்புக் குடும்ப ஏற்பாட்டில் குழந்தையை ஏற்றுக்கொள்பவர்களுக்கு வரும் முதல் குழப்பமே இதுதான்: இங்கேதான் ஒன்றும் ஆகாதே, பிறகு ஏன் இப்படி? தத்து எடுப்பது வேறு, அது நிரந்தரம், சட்டப்படி அது உங்கள் குழந்தை. இது அப்படியில்லை. சொந்த வீட்டில் இருப்பது குழந்தைக்கு ஆபத்து என்று அதிகாரிகளோ நீதிமன்றமோ முடிவு செய்தால், அடுத்து என்ன என்பது தெளிவாகும்வரை இன்னொரு குடும்பத்தில் வைப்பார்கள். அது சில வாரமாக இருக்கலாம், வயது வரும்வரை நீளலாம், நடுவில் நாலு வீடு மாறவும் நேரலாம். எத்தனை நாள் என்று குழந்தைக்கும் தெரியாது, வளர்ப்பவருக்கும் தெரியாது. இந்தத் தெரியாமை உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்தப் பென்சில். பையனிடம் ஏதோ கோளாறு என்று நினைப்பதுதான் நாம் பொதுவாகச் செய்யும் தப்பு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேத் பொல்லாக் என்ற உளவியலாளரின் குழு, கலங்கலான முகப் படங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாக்கிக்கொண்டே போய், இந்த முகத்தில் என்ன தெரிகிறது என்று குழந்தைகளிடம் கேட்டது. 2002இல் வெளியான அந்த ஆய்வில், அடி வாங்கி வளர்ந்த குழந்தைகள் கோபத்தை மற்றக் குழந்தைகளைவிட முன்னதாகவே, படம் பாதி மங்கலாக இருக்கும்போதே, சரியாகச் சொல்லிவிட்டார்கள். அதே ஆண்டில் இன்னொரு சோதனையில் இரண்டு உணர்ச்சிகளைக் கலந்து முகங்களை உருவாக்கிக் காட்டியபோது, கோபமும் வேறொன்றும் கலந்த முகத்தை இவர்கள் கோபத்தின் கணக்கிலேயே அதிகம் சேர்த்தார்கள்.

அதாவது இது திறமை, வேண்டியே வந்த திறமை. வீட்டுக்குள் வருகிறவர் என்ன மனநிலையில் வருகிறார் என்று அரை வினாடி முன்னால் தெரிந்துகொள்கிற குழந்தைக்குக் கட்டிலுக்கு அடியில் போகவோ, தம்பியை அடுத்த அறைக்கு இழுத்துக்கொண்டு போகவோ நேரம் கிடைக்கிறது. 2011இல் லண்டனில் ஈமன் மெக்ரோரியின் குழு, வீட்டில் வன்முறைக்கு ஆளான குழந்தைகளை மூளை ஸ்கேனில் படுக்கவைத்துக் கோபமான முகங்களைக் காட்டியபோது, ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா, முன்புற இன்சுலா என்ற இரண்டு பகுதிகளும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இயங்கின. போர்முனையில் இருந்து வந்த சிப்பாய்களிடமும் இதே பகுதிகள்தான் இப்படி இயங்குவதாக முன்பே பார்த்திருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது, அந்தக் குழந்தைகளில் யாருக்கும் மனநோய் என்று எதுவும் கண்டறியப்பட்டிருக்கவில்லை. பழைய வீட்டுக்குச் சரியாகப் பாடம் படித்த மூளை, இப்போது வேறு பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதுகிறது, அவ்வளவுதான்.

சரி, அந்தப் பாடம் உடம்பில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் அதன் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸ் ஒரு ரசாயனத்தை விடுகிறது, அது பக்கத்தில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டி எழுப்புகிறது, பிட்யூட்டரி ரத்தத்தில் இன்னொரு செய்தியை அனுப்புகிறது, அது சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குப் போய்ச் சேர்ந்ததும் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் சுரக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, வளர்ச்சி, செரிமானம் மாதிரி அவசரமில்லாத வேலைகள் தள்ளிப்போகின்றன. பிரேக்கும் இதே கார்டிசால்தான்: அது மூளைக்குத் திரும்பிப் போய், ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் இருக்கும் ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு, போதும் நிறுத்து என்று சொல்கிறது. ஏற்பிகள் நிறைய இருந்தால் பிரேக் நன்றாகப் பிடிக்கும், குறைவாக இருந்தால் வண்டி நிற்க நேரமாகும்.

கார்டிசால் ஆபத்துக்கு மட்டும் வருவதில்லை. காலையில் கண்விழித்து அரைமணி, முக்கால் மணிக்குள் உச்சத்துக்குப் போகும், பகலெல்லாம் இறங்கும், நடுராத்திரியை ஒட்டி அடிமட்டத்துக்கு வரும். எச்சிலிலேயே அளந்துவிடலாம், ஊசி வேண்டாம். எப்போதும் பதறிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அது எகிறிப்போயிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கும் குழந்தைகளை அளந்து பார்த்தபோது சிலருக்கு அப்படித்தான் இருந்தது, ஆனால் நிறையப் பேருக்கு, குறிப்பாகக் கடுமையான புறக்கணிப்பில் இருந்து வந்தவர்களுக்கு, நேர் எதிர்: காலை உச்சமே இல்லை, நாள் முழுக்க ஒரே சமதளம். அளவுக்கு மீறி ஓடிய அமைப்பு தன்னைத் தானே அடக்கிக்கொண்டுவிட்டது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். காலை வகுப்பில் சோர்ந்து மேசைமேல் தலைவைத்துக் கிடக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன்னால் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

அடுத்தது, வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குப் புரியவே புரியாத ஒன்று. அடித்த அம்மாவையே குழந்தை கேட்டு அழும். "அவங்ககிட்ட திரும்பப் போகணும்" என்று சொல்லும். இதைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் வீட்டில் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது என்று முடிவுகட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்கும்போது எனக்கு எரிச்சல் வரும். நியூயார்க்கில் ரெஜினா சல்லிவன் பல ஆண்டுகளாக எலிக்குட்டிகளை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார். பிறந்து பத்து நாள்கூட ஆகாத குட்டிக்குப் புதினா வாசனையையும் லேசான மின்அதிர்ச்சியையும் சேர்த்துச் சேர்த்துக் கொடுத்தால், அது அந்த வாசனையைக் கண்டு ஓட வேண்டும், ஆனால் ஓடுவதில்லை, அதை நோக்கியே போகிறது. அந்த வயதில் அழுத்த ஹார்மோன் மிகக் குறைவாக இருப்பதால் பயத்தைக் கற்றுக்கொள்ளும் அமிக்டலா வேலைக்கே வருவதில்லை. கொஞ்சம் வளர்ந்த குட்டியோ அதே வாசனையை விலக்கக் கற்றுக்கொள்கிறது, ஆனால் பக்கத்தில் தாய் இருந்தால் மறுபடி பழைய கதைதான், நெருங்கிப் போகிறது. கண்ணே திறக்காத, நடக்க முடியாத குட்டிக்குத் தாயை விட்டால் பிழைப்பு இல்லை, வலி கொடுக்கும் தாயாக இருந்தாலும் அவளோடு ஒட்டியிருப்பதுதான் உயிரோடிருக்க ஒரே வழி என்று இயற்கை கணக்குப் போட்டிருக்கிறது. மனிதக் குழந்தை எலி இல்லைதான், ஆனால் பிழைப்பதற்கு யாரையாவது ஒட்டியே ஆகவேண்டும் என்ற நிலைமை ஒன்றுதான்.

எலிகளிலேயே வளர்ப்புக் குடும்பச் சோதனையும் ஒன்று உண்டு. மாண்ட்ரியலில் மைக்கேல் மீனியின் ஆய்வகத்தில், சில தாய் எலிகள் குட்டிகளை ஓயாமல் நக்கிக்கொண்டிருப்பதையும் சில அவ்வளவாகக் கண்டுகொள்ளாததையும் கவனித்தார்கள். நிறைய நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்தபின் அவற்றின் ஹிப்போகாம்பஸில் அந்தப் பிரேக் ஏற்பிகள் கூடுதலாக இருந்தன. பரம்பரைக் குணமாக இருக்கலாமே என்ற சந்தேகத்தைத் தீர்க்க, பிறந்த கையோடு குட்டிகளை மாற்றி வைத்தார்கள். கண்டுகொள்ளாத தாய்க்குப் பிறந்து நக்கும் தாயிடம் வளர்ந்த குட்டி, வளர்த்தவளின் பிள்ளைகளைப் போலத்தான் ஆனது. 2004இல் அதே குழு, இந்த வித்தியாசம் ஏற்பியின் மரபணுமேல் ஒட்டும் மெத்தில் என்ற சின்ன ரசாயனக் குறிகளில் தங்கியிருக்கிறது என்று காட்டியது. மரபணு அதேதான், அதன்மேல் விழும் பூட்டு மட்டும் மாறுகிறது.

குழந்தைகளில் இதற்கு நெருங்கி வரும் ஆய்வு ருமேனியாவில் நடந்தது. அந்த நாட்டை ஆண்ட சௌசெஸ்கு 1966இல் கருக்கலைப்புக்குத் தடை போட்டு, பிறப்பைக் கட்டாயமாக்கி, வளர்க்க முடியாதவர்கள் குழந்தைகளை அரசு விடுதிகளில் விடும் நிலைமையை உண்டாக்கினார். 1989இல் அவர் வீழ்ந்தபோது அந்த விடுதிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். 2000ஆம் ஆண்டை ஒட்டி சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஜீனா மூவரும் புக்கரெஸ்டில் 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, சீட்டுப் போடுவதுபோலப் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள், மீதிப்பேர் விடுதியிலேயே இருந்தார்கள். வளர்ப்புக் குடும்பங்கள் அங்கே அநேகமாக இல்லாததால் ஆய்வாளர்களே குடும்பங்களைத் தேடிப் பழக்க வேண்டியிருந்தது. (தெரிந்தே பாதிப்பேரை விடுதியில் விட்டது சரியா என்ற கேள்வி இன்றும் ஓயவில்லை. அந்தக் குழந்தைகளுக்கு வேறு குடும்பம் கிடைத்தால் தடுப்பதில்லை என்று அவர்கள் முதலிலேயே உறுதி கொடுத்திருந்தார்கள்.) குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் உயர்ந்தது, ஒட்டுதல் வந்தது. இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலவற்றில் பலன் அதிகம். பன்னிரண்டு வயதில் அவர்களைச் சோதித்தபோது, விடுதியில் வளர்ந்தவர்களின் அழுத்த அமைப்பு மந்தமாகவே இருந்தது, சீக்கிரம் குடும்பத்துக்குப் போனவர்களுடையது மற்றக் குழந்தைகளுடையதைப் போல வேலை செய்தது. இங்கே ஒரு வித்தியாசம் உண்டு: அந்த விடுதிகளில் குழந்தைகளைப் பெரிதும் பாதித்தது கவனிக்க ஆளில்லாத வறட்சி. அடி பயத்தைக் கற்பிக்கிறது, புறக்கணிப்போ வரவேண்டிய பேச்சையும் தொடுகையையும் வரவிடாமல் செய்கிறது, மூளையில் இரண்டின் தடமும் ஒன்றல்ல. நிறையக் குழந்தைகள் இரண்டையும் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள்.

அப்படியானால் வளர்ப்பவர் அன்பாக இருந்தால் போதுமா? போதாது என்பதைக் கவனித்தவர் அமெரிக்க உளவியலாளர் மேரி டோசியர். பயந்தாலும் விழுந்தாலும் இந்தக் குழந்தைகள் பெரியவரிடம் ஓடி வருவதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், கையைத் தட்டிவிடுவார்கள், "எனக்கு ஒன்னுமில்ல" என்பார்கள். உடனே வளர்ப்பவரும், இவனுக்கு நாம் தேவையில்லை போலிருக்கிறது என்று ஒரு அடி பின்வாங்குவார். குழந்தை கொடுத்த தவறான சைகைக்குப் பெரியவர் சரியாகப் பதில் சொல்லிவிட்டார், அதனால் குழந்தை பழைய பாடத்தையே உறுதிசெய்துகொள்கிறது. டோசியர் வடிவமைத்த பயிற்சி பத்தே வாரம், ஆள் வீட்டுக்கே வந்து, கூடவே உட்கார்ந்து, இதோ இப்போது அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டான் பாருங்கள், கேட்காவிட்டாலும் பக்கத்தில் போங்கள் என்று அந்த நொடியிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். குழந்தை விளையாட்டை நடத்தட்டும், நீங்கள் பின்னால் போங்கள், பயமுறுத்தும் எதையும் விளையாட்டுக்குக்கூடச் செய்யாதீர்கள், இவ்வளவுதான் மற்ற விஷயங்கள். இந்தப் பயிற்சி பெற்ற குடும்பங்களில் குழந்தைகளின் கார்டிசால் வளைவு காலையில் ஏறிச் சாயங்காலம் இறங்கும் வழக்கமான வடிவத்துக்குக் கிட்டே வந்தது. பேசிப் புரியவைக்க முடியாத வயதுக் குழந்தைகளின் எச்சிலில் தெரிந்த மாற்றம் இது என்பதுதான் எனக்கு இதில் பிடித்தது.

வளர்ப்பவர் செய்யக்கூடியதில் இன்னொரு பாதி, அடுத்து என்ன நடக்கும் என்று குழந்தைக்கு முன்னமே தெரியவைப்பது. 1970களை ஒட்டி ஜே வைஸ் என்பவர் எலிகளுக்கு ஒரே அளவு மின்அதிர்ச்சி கொடுத்தார், ஒரு கூட்டத்துக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் முன்னால் ஒரு சத்தம். சத்தம் கேட்ட எலிகளுக்கு வயிற்றுப் புண் குறைவு. வலி அதேதான், ஆனால் சத்தம் இல்லாத நேரமெல்லாம் நிம்மதி என்று அவற்றுக்குத் தெரியும். இது தெரிந்த வளர்ப்பு அம்மா ஒருத்தி என்ன செய்யலாம்? சாவியைப் போடுவதற்கு முன்னால் வெளியிலிருந்தே "நான்தான், வந்துட்டேன்" என்று ஒரு குரல் கொடுக்கலாம். தினமும், அதே மாதிரி. பிஸ்கட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கும் குழந்தையைத் திட்டாமல், அவன் கைக்கு எட்டும் இடத்தில் எப்போதும் நிறைந்திருக்கும் டப்பா ஒன்றை வைத்துவிடலாம்.

இதையெல்லாம் ஒரே அடியில் கலைத்துப்போடக் கூடியது வீடு மாறுவது. அமெரிக்காவில் ஃபில் ஃபிஷரின் குழு மழலையர் வயதுக் குழந்தைகளைத் தொடர்ந்து அளந்தபோது, வழக்கமான ஏற்பாட்டில் வீடு மாறிய குழந்தைகளின் காலையிலிருந்து மாலைவரையிலான கார்டிசால் ஏற்ற இறக்கம் மேலும் தட்டையானது, வளர்ப்பவருக்குக் கூடுதல் பயிற்சியும் உதவியும் கிடைத்த குழந்தைகளிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. நாளைக்கு இங்கே இருப்போமா என்று தெரியாத உடம்பு இந்த வீட்டுக்காகப் புதுப் பாடம் படிக்க ஏன் மெனக்கெட வேண்டும்?

இதற்கு நடுவில் ஏஸ் மதிப்பெண் என்று ஒன்று இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. சிறுவயதில் பட்ட கொடுமைகளுக்குப் பத்துக்கு மார்க் போட்டு, இத்தனைக்கு மேல் என்றால் வாழ்க்கை போச்சு என்று ஜாதகம் கணிப்பதுபோலச் சொல்கிறார்கள். 1998இல் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா குழு வெளியிட்ட மூல ஆய்வு பெரிய கூட்டத்தின் போக்கைத்தான் காட்டியது, தனி ஆளின் எதிர்காலத்தைச் சொல்ல இந்த மார்க் உதவாது என்று 2020இல் ஆண்டாவே எழுதியிருக்கிறார்.

கடைசியாக, வயது. இரண்டு வயதுக்குள் என்பதைப் படித்துவிட்டு எட்டு வயதுப் பையனுக்குக் கதவு மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2019இல் மேகன் கன்னரின் குழு, விடுதிகளில் இருந்து தத்துக் கொடுக்கப்பட்டு நல்ல வீடுகளில் வளரும் பிள்ளைகளைப் பார்த்தது. பெரியவர்கள் முன்னால் பேசச் சொன்னால் சிறு வயதில் அவர்களின் கார்டிசால் அவ்வளவாக அசையவில்லை, பூப்பெய்தும் பருவம் முன்னேற முன்னேற அது மற்றப் பிள்ளைகளைப் போல ஏறத் தொடங்கியது. பருவ வயதில் உடம்பு, இப்போது இருக்கும் வீடு எப்படிப்பட்டது என்று பார்த்துத் தன் அளவுகோலைத் திருத்திக்கொள்கிறது போலிருக்கிறது. ஆனால் வளர்ப்புக் குடும்பம் கிடைப்பது கஷ்டமாக இருப்பதும் அந்த வயதுப் பிள்ளைகளுக்குத்தான், சின்னக் குழந்தை என்றால் பார்க்கலாம் என்பார்கள், பதினான்கு வயது என்றதும் யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள்.