“இது கலை, காப்பிரைட் தானாக இருக்கிறது” என்று நம்பும் டிசைனர்களுக்கு

ஓவியம் படித்துவிட்டு, வெள்ளைப் பருத்திச் சேலைகளில் நீர்ப்பறவைகளைக் கையால் வரைந்து விற்கும் ஒரு பெண் சமீபத்தில் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். கைபேசியில் இரண்டு படங்களைப் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினார். ஒன்று அவர் வரைந்த முந்தி. மற்றது வேறொரு கடை டிஜிட்டல் பிரிண்டில் அடித்து விற்கும் முந்தி. கொக்கின் அலகுக்குக் கீழே தூரிகை வழுக்கி விழுந்த ஒரு சின்ன நீலக் கோடு, நகலிலும் அதே இடத்தில் இருந்தது. திருட்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அவர் எதிர்பார்த்த பதிலை என்னால் சொல்ல முடியவில்லை. அந்த முந்தியை அவரே ஸ்கிரீன் பிரிண்டுக்குக் கொடுத்து நூற்றுக்கும் மேல் விற்றிருந்தார். டிசைன் பதிவு (பொருளில் ஏறும் வடிவத்தையும் அலங்காரத்தையும் காக்க அரசிடம் செய்யும் பதிவு) எதுவும் செய்யவில்லை.

“நான் ஆர்ட்டிஸ்ட். இதைக் கேலரியில் வைத்தேன். கலைப் படைப்புக்குக் காப்பிரைட் தானாகவே வந்துவிடும் என்கிறார்களே?” என்று கேட்டார். இதே கேள்வியோடு, எல்லாம் கைமீறிப் போன பிறகு வந்து உட்காருபவர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

கலைக்கும் ஃபேஷனுக்கும் நடுவில் இருந்த கோடு அழிந்துவிட்டது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். 1937-லேயே டிசைனர் ஸ்கியாபரெல்லி, ஓவியர் டாலியோடு சேர்ந்து வெள்ளை உடையில் சிவப்புக் கல் இறாலை ஏற்றினார். 1965-இல் டிசைனர் ஈவ் சான் லோரான், ஓவியர் மோந்திரியானின் ஓவியங்களை உடையாக்கியபோது, அந்த வண்ணக் கட்டங்களை அச்சடிக்கவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனித் துணியாக வெட்டி, தையல் கண்ணுக்குத் தெரியாதபடி இணைத்தார்கள். 2015-இல் விக்டர் அண்ட் ரோல்ஃப் என்ற டிசைனர் இணையர், மாடல்களின் உடம்பிலிருந்து ஃபிரேம் போட்ட உடைகளைக் கழற்றி மேடையிலேயே சுவரில் மாட்டினார்கள். 2022-இல் பாரிஸில் நடந்த டியோர் நிகழ்ச்சியில் சுவர் முழுக்க ஓவியர்கள் மாத்வி பரேக், மனு பரேக் ஆகியோரின் ஓவியங்கள் எம்பிராய்டரியாக நின்றன. அவற்றைச் செய்தது மும்பைக் கைகள். நம் ஊரிலும் இது புதிதல்ல. 1966-இல் தொடங்கிய சோழமண்டல ஓவியர் கிராமத்தில் ஓவியர்கள் சோற்றுக்கு வழிசெய்தது பாத்திக் துணிகளை விற்றுத்தான்.

அருங்காட்சியகங்கள் இந்தக் கோட்டை அழிக்கலாம், விமர்சகர்கள் அழிக்கலாம். இந்தியச் சட்டம் அழிக்கவில்லை. காப்பிரைட் சட்டம், 1957, பிரிவு 15-ஐ ஒரு தடவை படியுங்கள். டிசைனாகப் பதிவு செய்துவிட்டால் அதற்குக் காப்பிரைட் கிடையாது. பதிவு செய்யத் தகுந்த டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டால், அதைக் கொண்ட பொருளை உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உருவாக்கியதும் காப்பிரைட் முடிந்துபோகும். ஓவியம் என்றால் ஓவியரின் ஆயுள், அதற்குமேல் 60 வருடம். பதிவு செய்த டிசைன் என்றால் 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5. பதிவும் இல்லை, 50-ஐயும் தாண்டிவிட்டது என்றால் இரண்டு பாதுகாப்பும் இல்லை.

இங்கேதான் எல்லாரும் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். “நான் டிசைனர் இல்லை, ஓவியர்” என்கிறார்கள். சட்டம் நீங்கள் யார் என்று கேட்பதில்லை. “ஃபேஷன் ஷோவில் காட்டவில்லை, கேலரியில்தான் வைத்தேன்” என்கிறார்கள். எங்கே வைத்தீர்கள் என்பதும் இந்தக் கேள்விக்குப் பொருட்டில்லை. “மெஷினே கிடையாது, எல்லாம் கையால் அடிக்கும் பிளாக் பிரிண்ட்” என்கிறார்கள். டிசைன் சட்டம், 2000, தன் விளக்கத்திலேயே கையால், இயந்திரத்தால், ரசாயனத்தால் என்று மூன்றையும் சேர்த்தே சொல்கிறது. “இதை உடுத்துவதற்காகச் செய்யவில்லை, இதில் ஒரு கருத்து இருக்கிறது” என்கிறார்கள். கருத்து இருக்கட்டும். அந்தக் கருத்தைத் தாங்கிய முந்தி எத்தனை போயிருக்கிறது? நீதிமன்றம் கேட்கப்போவது அதைத்தான். காப்பிரைட் அலுவலகச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: பிரிவு 15 குறுக்கே வந்தால் அந்தச் சான்றிதழ் உங்களைக் காப்பாற்றாது.

தீர்ப்புகளும் இதே வழியில்தான் வந்திருக்கின்றன. மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் 2009-இல் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு தெளிவாகச் சொன்னது: ஓவியம் ஓவியமாகவே பாதுகாக்கப்படும், பொருளில் ஏற்றுவதற்காக அதிலிருந்து எடுத்த டிசைனுக்கு டிசைன் சட்டம்தான். ரிது குமார் பிராண்டை நடத்தும் ரித்திகா நிறுவனம், பீபா என்ற இன்னொரு ஆடை பிராண்டின் மேல் போட்ட வழக்கு 2016-இல் இதே பிரிவில் முட்டி நின்றது. பதிவு இல்லை, 50-ஐத் தாண்டியாகிவிட்டது. ஃபேஷன் டிசைனர் தருண் தஹிலியானியின் நிறுவனத்துக்கு 2008-இல் சாதகமாக வந்ததற்குக் காரணம், ஆடைகள் அந்த எண்ணிக்கையைத் தொடாததுதான். 2025 ஏப்ரலில் கிரையோகேஸ் வழக்கில் இது கலைப் படைப்பா, பொருளில் ஏறும் டிசைனா என்று பிரித்துப் பார்க்க உச்ச நீதிமன்றம் இரண்டு படிச் சோதனை ஒன்றை வகுத்தது. அது எரிவாயு வண்டிகளின் வரைபடம் பற்றிய வழக்கு. ஆனாலும் துணிக்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். (தொழில் நடத்துபவர்கள் தீர்ப்பை நேரடியாகப் படித்தால் எங்கள் வேலை பாதி குறையும்.)

கொக்குச் சேலைக்காரருக்கு வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. முதலில் கையால் வரைந்த மூல ஓவியத்தை வைத்து வாதாடலாம். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே எடுத்து நீட்டுவது அவருடைய ஸ்கிரீன் பிரிண்ட் பில்லாகத்தான் இருக்கும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? நிறைய விற்கும் எண்ணம் இருந்தால் டிசைன் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். தனிநபருக்கு அரசுக் கட்டணம் 1,000 ரூபாய். ஒரு சேலையின் விலைகூட இல்லை. சென்னையில் இருப்பவர்கள் கிண்டி காப்புரிமை (பேட்டன்ட்) அலுவலகத்திலேயே கொடுக்கலாம், ஆன்லைனிலும் கொடுக்கலாம். தயவுசெய்து, விண்ணப்பித்த பிறகு இன்ஸ்டாகிராமில் போடுங்கள். விண்ணப்பத் தேதிக்கு முன்பே உலகத்தில் எங்காவது வெளியாகிவிட்ட டிசைன் புதியது ஆகாது. அதை வெளியிட்டது நீங்களே என்றாலும் அப்படித்தான். கண்காட்சிக்குச் சலுகை உண்டே என்று கேட்காதீர்கள். அரசு அறிவித்த கண்காட்சி, டிசைன் கன்ட்ரோலருக்கு முன்கூட்டியே அறிவிப்பு, 6 மாதத்துக்குள் விண்ணப்பம் என்று அதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன. நண்பரின் கேலரி அதில் வராது.

பதிவு வேண்டாம், இது கலைப் படைப்பாகவே இருக்கட்டும் என்றால் அதுவும் நல்ல முடிவுதான். அப்படியானால் குறைவாகச் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் எண் போடுங்கள், யாருக்குப் போனது என்று எழுதி வையுங்கள். 50-க்கு வெகு முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள். லைசென்ஸ் கொடுத்து வேறொருவர் அடித்ததும் உங்கள் கணக்கில்தான் சேரும். திருடியவன் அடித்தது சேராது.

ஓவியர்களோடு கூட்டுச் சேரும் பிராண்டுகளுக்கும் ஒரு வார்த்தை. வாட்ஸ்அப்பில் வந்த “ஓகே, யூஸ் பண்ணிக்கோங்க” உரிமை மாற்றம் ஆகாது. எழுத்தில், கையெழுத்தோடு, எந்தப் படைப்பு, எத்தனை வருடம், எந்த நாடு, எவ்வளவு பணம் என்று இருக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் 5 வருடம், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். ஓவியர்களே, நீங்களும் கேளுங்கள்: ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, மாறாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், காப்பிரைட்டின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். முன்பணம் வாங்கும்போதே “காப்பிரைட் எனக்கே” என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். மரியாதைக் குறைவாக யாரும் நினைக்க மாட்டார்கள். நினைத்தால் அந்த ஆர்டரே வேண்டாம்.

ஏற்கெனவே நகல் வந்துவிட்டதா? கோபத்தில் முகநூலில் எழுதுவதற்கு முன், அந்த நகல் ஒன்றைப் பில்லோடு வாங்கி வையுங்கள். முதல் ஸ்கெட்ச், தேதியோடு இருக்கும் கோப்புகள், ஆர்டர் நோட்டு, பிரிண்டருக்குக் கொடுத்த பணத்தின் ரசீதுகள், எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். எண்ணிக்கையை மட்டும் எங்களிடம் குறைத்துச் சொல்லாதீர்கள்.