பொலிஸ் என்றியோடு நின்றுவிடாதீர்கள்

"அவரை உள்ளுக்குப் போட வேணாம் மிஸ், அடிக்காம இருந்தாச் சரி."

திருகோணமலையில் குடும்ப வழக்குகள் பார்க்கும் எந்தச் சட்டத்தரணிக்கும் இது பழகிப்போன வேண்டுகோள். சொல்பவர் மூதூராக இருக்கலாம், கிண்ணியாவாக இருக்கலாம், பக்கத்து உப்புவெளியாகவும் இருக்கலாம். பிள்ளைகளின் தகப்பன் சிறைக்குப் போவதில் அவருக்கு விருப்பமில்லை. விவாகரத்தும் கேட்கவில்லை. அடி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இப்படிக் கேட்பவருக்குத்தான் மிகவும் பொருந்தும். ஆனால் அதுவரை வராமலே பலர் பொலிசில் ஓர் என்றியோடு, அதாவது முறைப்பாட்டுப் பதிவோடு, திரும்பிவிடுகிறார்கள்.

என்றி போடும்போது என்ன நடக்கிறது? இருவரையும் கூப்பிடுவார்கள். கணவனுக்கு நல்ல ஏச்சு விழும். "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போங்கோ அம்மா" என்று மனைவிக்கும் ஒரு வரி கிடைக்கும். இனி அடிக்கமாட்டேன் என்று அவர் கையெழுத்து வைப்பார். வந்த ஓட்டோவிலேயே இருவரும் ஒன்றாக வீட்டுக்குப் போவார்கள். பொலிசுக்குப் போன கோபத்தையும் சேர்த்து அன்றிரவு அவர் தீர்த்துக்கொண்டால், அந்தக் கையெழுத்து அவரை மறிக்காது. சில முறைப்பாடுகள் மத்தியஸ்த சபைக்குப் போகின்றன. வேலிப் பிரச்சினையைப் பேசி முடிப்பதைப் போல இதையும் முடிக்கலாம் என்ற எண்ணம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடிக்கிறவரும் அடிவாங்குகிறவரும் சமமாக உட்கார்ந்து பேச முடியாது.

என்றி வீண் என்று சொல்லவரவில்லை. அது நல்ல சாட்சி. இலக்கத்தையும் திகதியையும் குறித்து வையுங்கள். ஆனால் அதற்கடுத்த படி நீதவான் நீதிமன்றம்.

அங்கே கேட்பது பாதுகாப்புக் கட்டளை. இதைப் பெறப் பொலிஸ் முறைப்பாடு முதலில் இருந்தாக வேண்டும் என்றில்லை. பாதிக்கப்பட்டவரே விண்ணப்பிக்கலாம்; அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். அவசரமென்று நீதவான் கருதினால் இடைக்காலக் கட்டளையை உடனேயே கொடுக்கலாம். விசாரணை 14 நாட்களுக்குள் வரவேண்டும். பிறகு கிடைக்கும் கட்டளை 12 மாதங்கள் வரை செல்லும். வீட்டுக்குள் வராதே, வேலைத்தளத்துக்குப் போகாதே, பின்தொடராதே, தொடர்புகொள்ளாதே என்று நீதிமன்றம் தடுக்கலாம். அவசரச் செலவுக்குப் பணம் கொடுக்கும்படியும் சொல்லலாம். இந்தக் கட்டளையால் மட்டும் யாரும் சிறைக்குப் போவதில்லை. அதை மீறினால்தான் குற்றம்: ஒரு வருடம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும்.

அடி மட்டும்தான் வன்முறை என்றும் நினைக்க வேண்டாம். தொடர்ந்து கொடூரமாக அவமானப்படுத்துவதும் இந்தச் சட்டத்துக்குள் வரும்.

எங்கள் பக்கத்தில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்தது. உறுதி, அதாவது வீட்டுப் பத்திரம், அவள் பெயரில் இருக்கும், பக்கத்து வளவில் தாயும் தகப்பனும் இருப்பார்கள். ஆனாலும் அடி தாங்க முடியாமல் பிள்ளைகளோடு இரவில் வெளியேறுவது அவள்தான். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே படுப்பது அவர். நான் பார்த்த ஒரு வழக்கில் அம்மா கொடுத்த வீட்டை விட்டுவிட்டுத் தங்கையின் வீட்டு விறாந்தையில் பாய் விரித்திருந்தார் அந்தப் பெண். "அவர் ஆம்பிளை, எங்க போவார்?" என்று கேட்டவர்கள் அந்தப் பெண்ணின் சொந்தக்காரர்களே. நீதிமன்றத்தில் அந்தக் கேள்விக்கு நியாயமான இடம் உண்டு, கணவன் தங்குமிடத்தையும் நீதவான் கவனிப்பார். ஆனால் வெளியே போகவேண்டியது எப்போதும் அவள்தான் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. குடும்ப வீட்டை விற்றோ மாற்றியோ அவளை நடுத்தெருவில் விடுவதையும் கட்டளை மூலம் தடுக்கலாம். உறுதி கணவன் பெயரில் இருந்தாலும் கேளுங்கள்.

யுத்த காலத்தில் பதிவில்லாமல் சேர்ந்து வாழ்ந்தவர்கள் இங்கே ஏராளம். "பதிவு இல்லையே, எனக்கு என்ன உரிமை?" என்று தயங்கவேண்டாம். சேர்ந்து வாழும் துணையும், பிரிந்துபோன முன்னாள் கணவனும் சட்டத்துக்குள் அடங்குவார்கள். அடிப்பது அண்ணனோ மகனோ என்றாலும் அப்படித்தான். முஸ்லிம் சகோதரிகள் தாபரிப்புக்கும் (பராமரிப்புச் செலவு) விவாகரத்துக்கும் காதி நீதிமன்றம் போக வேண்டியிருந்தாலும், பாதுகாப்புக் கட்டளைக்கு வரவேண்டியது நீதவான் நீதிமன்றத்துக்குத்தான். மட்டக்களப்பில் கட்டிக்கொடுத்தவர் திருகோணமலையில் தாய்வீட்டுக்கு ஓடிவந்திருந்தால் இங்கேயே விண்ணப்பிக்கலாம். தற்காலிகமாக வசிக்கும் இடமும் கணக்கில் வரும்.

சரி, காசு? 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலும் நிலையம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே சட்டத்தரணி இலவசம். பாதுகாப்புக் கட்டளைக்கு மட்டுமல்ல, தாபரிப்புக்கும் பிள்ளைகளின் பொறுப்புக்கும் அங்கேயே பேசலாம். தேசிய அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ் இருந்தால் அது, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரிடம் எடுத்த வருமானக் கடிதம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். இவை அவர் பூட்டிவைத்த அலுமாரிக்குள் இருந்தால் இல்லாமலே போங்கள், கடதாசி பிறகு தேடலாம். நீதிமன்ற வாசலில் "நான் செய்து தாறன்" என்று காசு கேட்பவர்களிடம் மட்டும் மாட்டவேண்டாம்.

கட்டணத்தை விட எனக்குக் கவலை தருவது ஆஸ்பத்திரித் துண்டு. வெளிநோயாளர் பிரிவில் டொக்டர் "எப்படி நடந்தது?" என்று கேட்பார். பக்கத்தில் கணவன் நிற்பார். "கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன்." அப்படியே எழுதப்படும். பிறகு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் எடுத்து வாசிப்பது அந்த வரியைத்தான். தனியாகப் பேச வேண்டும் என்று டொக்டரிடமோ தாதியிடமோ கேளுங்கள். அரச வைத்தியசாலைகள் பலவற்றில் இதற்கென்றே நட்பு நிலையம் என்ற பிரிவு இருக்கிறது. காயத்தைத் திகதியோடு போனில் படமெடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிட்டு, உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.

அப்புறம், வாக்குமூலம். வடக்கு கிழக்கில் தமிழ்தான் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதில், வாசித்து விளக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். "முறைப்பாட்டை வாபஸ் வாங்குகிறேன்" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, முறைப்பாடு போட்டதாகவே நினைத்துக்கொண்டு வந்தவரையும் பார்த்திருக்கிறேன்.

நேரில் போக வழியில்லாதவர்கள் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938ஐ அழைக்கலாம்; உடனடி ஆபத்துக்கு 119. பிரதேச செயலகத்திலுள்ள மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் பார்க்கலாம். சமுர்த்தி விஷயமாகப் போவதாகச் சொல்லிவிட்டு வருபவர்கள் உண்டு, அதில் தப்பில்லை.

கட்டளை கிடைத்ததும் பிரதி ஒன்றைத் தாய்வீட்டிலும் ஒன்றை நம்பிக்கையான அயலவரிடமும் கொடுங்கள். உங்கள் பகுதிப் பொலிசுக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று நேரில் கேளுங்கள். அடித்தவர் வாசலில் வந்து நின்றால் கட்டளையின் வழக்கு இலக்கத்தைச் சொல்லி முறையிடுங்கள், திரும்பவும் சமாதானம் பேசக் கூப்பிட்டால் மறுக்கலாம். முடியும் திகதியைக் கலண்டரில் வட்டமிட்டு, அதற்கு ஒரு மாதம் முன்னரே சட்ட உதவி நிலையத்துக்கு வாருங்கள். நீடிக்கக் கேட்கலாம்.