ஷால், ஸ்டோல், கேப்: வாங்கும் முன் அதன் நுனியைக் கவனியுங்கள்

கும்பகோணத்தில் பெண்களுக்கான தையலகம் நடத்தி வரும் எனக்கு, மார்கழி பிறப்பதற்கு முன்பே வரத் தொடங்கும் விசாரிப்பு ஒன்று உண்டு. புடவைக்கு மேலோ சுடிதாருக்கு மேலோ போட்டுக்கொள்ளச் சால்வை நல்லதா, ஸ்டோல் நல்லதா, அல்லது தோளிலிருந்து விரிந்து தொங்கும் கையில்லாத மேலாடையாக இப்போது பலரும் போடுகிற கேப் தைத்துக்கொள்ளலாமா என்பதே அது. கேட்பவர்களில் பெரும்பாலோர் நிறத்தையும் விலையையும் முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். நானோ, அதைப் போட்டுக்கொண்டு எங்கே போகப்போகிறீர்கள், எதில் ஏறிப் போகப்போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். தைத்த சட்டைக்குக் கழுத்தும் கையும் எல்லை வகுத்துவிடுகின்றன. போர்த்தும் துணிக்கு அப்படி எல்லை கிடையாது. அதன் நுனி எங்கே போய் விழுகிறது என்பதைப் பொறுத்தே அது அழகாகவும் அமையும், ஆபத்தாகவும் முடியும்.

காவிரிப் படுகையில் குளிருக்கென்று கனத்த மேலாடை தேவைப்படுவதில்லை. தை மாத விடியற்காலையில்கூட வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. நமக்கு உண்மையில் குளிர்வது சென்னைக்குப் போகும் உழவன் எக்ஸ்பிரஸின் ஏசி பெட்டியிலும், குளிரூட்டிய கல்யாண மண்டபங்களிலும், திருவையாற்று ஆராதனையின்போது காவிரிக் கரைப் பந்தலில் பனி இறங்கும் நேரத்திலும்தான். மற்ற மாதங்களில் வெயிலுக்காகவும், கூச்சமில்லாமல் நடமாடுவதற்காகவும் ஒரு துணி தோளில் கிடக்கிறது. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போனபோது ஆசைப்பட்டு வாங்கிய கம்பளிச் சால்வை பீரோவின் அடித்தட்டில் பூச்சி அரித்துக் கிடப்பதை எத்தனையோ வீடுகளில் காணலாம். நமக்கு வேண்டியது மெல்லியதாகவும், வியர்வையை வாங்கிக்கொள்வதாகவும், ஐப்பசியிலும் ஒரு பகலில் காய்ந்துவிடுவதாகவும் உள்ள துணி. இந்த மூன்றும் ஒரே துணியில் முழுமையாகக் கிடைப்பதில்லை. சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடும், பட்டு 11 விழுக்காடும் ஈரத்தை உள்வாங்கி வைத்துக்கொள்ளும்; பாலியஸ்டரோ அரை விழுக்காடுகூட வாங்காது. பாலியஸ்டர் ஜார்ஜெட் ஷால் சீக்கிரம் காய்வதற்கும், நாகப்பட்டினப் புழுக்கத்தில் கழுத்தைச் சுற்றிக்கொண்டால் உடம்பு எரிவதற்கும் காரணம் இதுதான். பேருந்தில் தினமும் போய்வருபவர்களுக்கு மெல்லிய பருத்தியையும், மண்டபத்துக்கும் விழாவுக்கும் போகிறவர்களுக்குப் பட்டையும் பருத்திப்பட்டுக் கலப்பையும் நான் சொல்வது வழக்கம். பாவில் ஒன்றும் ஊடையில் ஒன்றுமாகப் பட்டும் பருத்தியும் கலந்து நெய்வது நமக்குப் புதிதல்ல. மயிலாடுதுறையின் கூறைநாட்டுப் புடவை அந்தக் கலப்பிலேயே பேர் வாங்கியது.

கடையில் மடித்து அடுக்கியிருக்கும் துணியைத் தடவிப் பார்ப்பதால் பாதிதான் தெரியும். ஒரு ஓரத்தை இரு விரல்களால் பிடித்து, கையை உயர்த்தி, கீழே விழவிட்டுப் பாருங்கள். குட்டிக் குட்டி மடிப்புகளாக உடம்பை ஒட்டி இறங்கினால் அது நன்றாக விழும் துணி. கூடாரம்போல் விரிந்து நின்றால் அது தோளையும் மார்பையும் இருப்பதைவிடப் பெரிதாகக் காட்டும். புதிய கைத்தறிப் பருத்தியை மட்டும் இந்தச் சோதனையில் உடனே தள்ளிவிடக் கூடாது. அதில் கஞ்சி இருக்கும். இரண்டு மூன்று அலசலுக்குப் பிறகுதான் அதன் உண்மையான விழுகை தெரியும். அடுத்ததாக, கடைக் கண்ணாடி முன்னால் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அசையாமல் நிற்பதை விட்டு, இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி இறக்குங்கள், குனிந்து கைப்பையை எடுங்கள், நான்கு அடி நடங்கள். இவ்வளவுக்கும் பிறகு துணி தோளிலேயே இருந்தால் அது உங்களுக்கானது. ஒவ்வோர் அசைவுக்கும் அதை இழுத்துவிட வேண்டியிருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ஒரு மாதத்தில் அதைப் போடுவதை நிறுத்திவிடுவீர்கள்.

அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுடிதார் ஷால் இரண்டேகால் மீட்டரிலிருந்து இரண்டரை மீட்டர் நீளம் வரும். ஸ்டோல் இரண்டு மீட்டரை ஒட்டி, அகலத்தில் ஷாலைவிடக் குறைவாக இருக்கும். போர்த்திக்கொள்ளும் சால்வைக்கு ஒரு மீட்டர் அகலமாவது வேண்டும். ஐந்தடிக்குக் குறைவான உயரமுள்ளவர்கள் இரண்டரை மீட்டர் ஷாலை ஒரு தோளில் மட்டும் போட்டால், நுனி முழங்காலுக்குக் கீழே போய்விடும். அதைக் கால் மீட்டர் வெட்டி ஓரம் அடித்துக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை. கேப், முன்பக்கம் திறந்த மேலாடையான ஷ்ரக் போன்றவற்றின் கீழ்விளிம்பு உடம்பின் மிக அகலமான இடத்தில் முடியாமல், அதற்கு நான்கு விரல் மேலேயோ கீழேயோ முடிந்தால் உருவம் சீராகத் தெரியும்.

பழைய பட்டுப்புடவையில் கேப் தைத்துத் தரச் சொல்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள் என்பதால், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அம்மாவின் திருபுவனம் பட்டு பெட்டியில் கிடக்கிறது, அதன் கரை கீழ்விளிம்பில் வட்டமாகச் சுற்றி வரும்படி தைத்துத் தாருங்கள் என்று கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். கரை தறியில் நேராக நெய்யப்பட்டது. வட்டமாக வெட்டிய கேப்பின் விளிம்பு வளைந்தது. நேர்க்கரையை வளைவில் வைத்தால் ஒன்று சுருக்கம் விழும், இல்லையென்றால் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுப்போட வேண்டிவரும். ஒட்டுப்போட்ட இடங்களில் ஜரிகை பிரியும். அந்தப் புடவைக்குப் பொருத்தமானது நேர்வெட்டுதான். புடவையின் அகலத்தை அப்படியே உயரமாக வைத்து, கரை கீழே நேராக ஓட, தோளில் மட்டும் தைத்து, கைக்கு இடம் விட்ட ஷ்ரக்காகத் தைத்தால் ஓர் அங்குலம் கரைகூட வீணாகாது. வட்டக் கேப்புதான் வேண்டுமென்றால் கரையில்லாத உடல் பகுதியை எடுத்துக்கொண்டு, கரையைக் கழுத்துப் பட்டையாகவோ முன்பக்கப் பட்டியாகவோ வைத்துக்கொள்ளலாம். வட்டத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. கிராஸாக, அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக, வருகிற பகுதிகள் தம் எடையாலேயே இழுபட்டு நீளும்; எனவே தைத்த கேப்பை ஓரம் அடிக்காமல் ஓர் இரவு முழுக்க ஹேங்கரில் தொங்கவிட்டு, மறுநாள் விளிம்பைச் சமன் செய்த பிறகே ஓரம் அடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் அவசரத்துக்குத் தைத்த கேப் இரண்டாவது முறை போடும்போதே பக்கவாட்டில் இறங்கிவிடும்.

பெட்டியைத் திறந்ததும் புடவையின் மடிப்புக் கோடுகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்தக் கோட்டிலேயே நூல் நூலாக விட்டிருக்கும். ஜரிகை மடிந்த இடங்களில் இன்னும் மோசமாக இருக்கும். அத்தகைய புடவையை லைனிங் வைத்தாலும் முழு மேலாடையாகத் தைக்க முடியாது. முந்தானையை மட்டும் எடுத்து ஸ்டோலாக்கிக்கொள்ளலாம்.

இனி நுனியின் ஆபத்துக்கு வருகிறேன். நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927 செப்டம்பர் 14 அன்று பிரான்சின் நீஸ் நகரில், கழுத்தில் சுற்றியிருந்த நீண்ட பட்டுத்துணி காரின் பின்சக்கரத்தில் சிக்கி இறந்தார். அதே விபத்து நம் ஊர்ச் சாலைகளில் இருசக்கர வண்டிகளில் இன்றும் நடக்கிறது. ஷாலைக் கழுத்தில் முன்னாலிருந்து சுற்றி இரண்டு நுனிகளையும் முதுகில் தொங்கவிடுவதுதான் மிகவும் அபாயமானது. சக்கரம் இழுத்தால் அது நேராகக் கழுத்தை இறுக்கும். மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில் குறைந்தது பாதியை மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆவது விதி சொல்கிறது. பின்னால் அமர்பவரின் உடை சக்கரத்தில் சிக்காமலிருக்கவே அந்த ஏற்பாடு. வண்டியின் தோற்றத்தைக் கெடுக்கிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிட்ட வண்டிகளில் மகளையோ மனைவியையோ ஏற்றிச் செல்பவர்கள் அதைத் திரும்ப மாட்டிக்கொள்வது நல்லது. பின்னால் அமரும் பெண், ஷாலை ஒரு தோளிலிருந்து குறுக்கே எடுத்து எதிர்ப்பக்க இடுப்பில் முடிந்துகொள்ள வேண்டும், அல்லது மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட வேண்டும். ஒருவேளை சிக்கிக்கொண்டால் இழுக்கக் கூடாது. எஞ்சினை அணைத்துவிட்டுத் துணியை வெட்ட வேண்டும். கழுத்து இறுகியிருந்தால், வலி தெரியாவிட்டாலும், தலையை அசைக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டுக்குள்ளும் இதே கவனம் வேண்டும். ஓடும் கிரைண்டர் மேல் குனிந்து மாவைத் தள்ளும்போதும், மாவு மில்லில் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று டின்னை வாங்கும்போதும் தோளில் எதுவும் தொங்கக் கூடாது. என் தையலகத்தில் மோட்டார் வைத்த மெஷினில் உட்காரும் பெண்கள் ஷாலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஆலங்குடி போன்ற தலங்களில் நெய்விளக்கு ஏற்றுகிறவர்களைப் பாருங்கள்: முன்வரிசை அகலில் தீ எரிந்துகொண்டிருக்க, பின்வரிசை அகலுக்குக் கையை நீட்டுவார்கள், அப்போது ஷாலின் நுனி முன்வரிசைக்கு ஒரு சாண் மேலே ஆடிக்கொண்டிருக்கும். அந்த நுனி பாலியஸ்டராக இருந்தால் பற்றிக்கொண்டதோடு நில்லாமல் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பிய்த்தெடுத்தால் தோலும் சேர்ந்து வரும். மெல்லிய பருத்தியும் வேகமாகவே எரியும் என்பதால், விளக்கு ஏற்றும் இடத்தில் துணி எதுவானாலும் நுனியை இடுப்பில் செருகிக்கொள்வதே சரி. பாட்டிமார்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் அடுப்படிக்குள் நுழைவார்கள்.

குறுவைக்கும் சம்பாவுக்கும் நடவுக்கு இறங்கும் பெண்கள் புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டியிருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வெயில், சேறு, பயிரின் சுணை எல்லாவற்றுக்கும் காப்பாகவும், எங்கும் எதுவும் தொங்காமலும் அமைந்த அந்த மேலாடையை எந்த ஆடை வடிவமைப்பாளரும் குறை சொல்ல முடியாது. இருசக்கர வண்டியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு நான் தைத்துத் தருகிற, முன்பக்கம் பொத்தான் வைத்த மெல்லிய பருத்தி மேற்சட்டைக்கு அதுவே முன்மாதிரி.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க ஒன்றிரண்டு செய்திகள். சில நூறு ரூபாய்க்கு 'பாஷ்மினா' என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஆலையில் செய்த இழைகளான விஸ்கோஸ் அல்லது அக்ரிலிக்தான். உண்மையான பாஷ்மினா லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்து ஆட்டின் உள்மயிர். அதன் இழை 12 முதல் 16 மைக்ரான் தடிமன் கொண்டது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). காஷ்மீர் பாஷ்மினாவுக்குப் புவிசார் குறியீடு உண்டு. மோதிரத்துக்குள் நுழைத்துக் காட்டுவதை நம்பாதீர்கள். மெல்லிய விஸ்கோஸும் நுழையும். ஓரத்து நூல் ஒன்றைக் கொளுத்தி முகர்ந்தால் பட்டும் கம்பளியும் மயிர் பொசுங்கும் வாடை தரும், பருத்தியும் விஸ்கோஸும் காகிதம் எரியும் வாடை தரும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். பட்டு என்றால் மத்தியப் பட்டு வாரியம் 2004-இல் தொடங்கிய, சுத்தப் பட்டு என்பதற்கான சில்க் மார்க் அட்டையைக் கேளுங்கள். 'ஷாதூஷ்' என்று யாராவது காட்டினால் தொடவே வேண்டாம். சிரு என்னும் திபெத்திய மானைக் கொன்று எடுப்பது அது, அந்த வணிகம் சட்டப்படி குற்றம்.

பட்டில் ஊக்கு குத்துகிறவர்கள் துணிக்கு அடியில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு லைனிங் வைத்துக் குத்தினால் நூல் இழுபடாது. மழைக்காலத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் தலைவழியே மாட்டும் போன்சோ வகை மழைக்கோட்டைத் தவிர்த்து, சட்டையும் பேண்ட்டுமாக வரும் மழைக்கோட்டை வாங்குவது நல்லது. எதிர்க்காற்றில் போன்சோவின் முன்பாதி முகத்தை மூடிவிடும், பின்பாதி சக்கரத்தைத் தேடும். தையலுக்குத் துணி கொடுக்க வரும்போது, அந்த மேலாடையோடு போடப்போகிற ரவிக்கையையோ குர்தியையோ அணிந்தே வாருங்கள். வண்டி ஓட்டுவீர்களா, கைக்குழந்தை இருக்கிறதா, நாள் முழுக்க நின்று செய்யும் வேலையா என்பதையும், தையல்காரர் கேட்காவிட்டாலும், அளவு எடுப்பதற்கு முன் சொல்லிவிடுங்கள். நீளத்தை எங்கே நிறுத்துவது, நுனிக்குக் குஞ்சம் வைப்பதா, பொத்தான் வைத்து உடம்போடு பிடித்துவிடுவதா என்பதெல்லாம் அந்தப் பதில்களை வைத்துத்தான் முடிவாகும்.